கல்லடி மணலில் ஆவரசு வளருமா?

மணல்வளவு
2024 ஜூலை 14, இரவு 9.10

வணக்கம். மட்டக்களப்புக் கல்லடியில் பன்னிரண்டு பேர்ச் வளவு, கடற்கரைக்கு நடந்தால் ஐந்து நிமிடம். மண் என்று சொல்ல ஒன்றுமில்லை, கையில் அள்ளினால் விரலிடுக்கால் ஓடிப்போகிற மணல். மாரி முடிந்து பங்குனி வரை வெண்டி, கத்தரி, மிளகாய் எல்லாம் நன்றாகத்தான் நிற்கும். வெக்கையான கச்சான் காற்றுத் தொடங்கினால் சரி, காலையில் ஊற்றுகிற தண்ணீர் பத்து மணிக்குப் போன இடம் தெரியாது, கிணறும் ஆடியில் உவர்க்கத் தொடங்கிவிடும், செவ்வரத்தைகூட இலை சுருண்டு நிற்கிறது.

தண்ணீர் கேட்காத, பூக்கிற, அந்தப் பூ வாய்க்கும் உதவுகிற ஒன்றை வைக்கலாம் என்று யோசித்தபோது ஆவரசுதான் (ஆவாரை) ஞாபகம் வந்தது. அம்மம்மா காய்ந்த பூவை அவித்துப் பனங்கட்டியோடு குடிப்பார். சித்திரையில் ஒரு நாற்றுக்கடையில் ஆவரசு என்று கேட்டு மூன்று கன்று வாங்கினேன். காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றியும் ஒன்று பட்டுப்போய்விட்டது. மற்ற இரண்டில் ஒன்று இப்போது பூத்திருக்கிறது. மஞ்சள் பூதான். ஆனால் இலையைக் கசக்கினால் ஒரு கெட்ட வாசம், கை கழுவியும் போகவில்லை. இந்தப் பூவை அவித்துக் குடிக்கலாமா?

அக்கரைப்பற்று நானா
ஜூலை 14, இரவு 9.32

தங்கச்சி, குடித்துவிட்டுக் கேட்காமல் கேட்டுவிட்டுக் குடிக்க நினைத்தீர்களே, அதுவே பெரிய காரியம். பொறுங்கள், செடி தெரிந்த ஆட்கள் வரட்டும்.

செடிப்பைத்தியம்
ஜூலை 14, இரவு 9.50

அக்கா, பூவை விடுங்கள், இந்தச் சாதியில் முக்கால்வாசிக்கும் மஞ்சள் பூதான். இலைக்காம்பு தண்டோடு சேர்கிற இடத்தைப் பாருங்கள். அங்கே இரண்டு பக்கமும் காது மாதிரி வட்டமாக, பச்சையாக, சின்ன இலை போல ஏதாவது ஒட்டிக்கொண்டு நிற்கிறதா? ஒரு இலையில் எத்தனை சோடி சிற்றிலை? நுனி கூரா, மழுங்கலா? காய் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மணல்வளவு
ஜூலை 14, இரவு 10.15

டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தேன் தம்பி. காது ஒன்றும் இல்லை. சோடி நான்கு, சிலதில் ஐந்து. நுனி நல்ல கூர். காம்பின் அடியில் கறுப்பாக ஒரு சின்னப் பரு இருக்கிறது. காய் இரண்டு, ஒல்லியாக, மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

செடிப்பைத்தியம்
ஜூலை 14, இரவு 10.40

அப்படியென்றால் அது ஆவரசு இல்லை, பேயாவரை. சில இடங்களில் பொன்னாவரை என்றும் சொல்வார்கள், அந்தப் பெயரைக் கேட்டுத்தான் பலர் ஏமாறுகிறார்கள். விற்றவரும் தெரியாமல் விற்றிருக்கலாம், சின்னக் கன்றில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். குடிக்க வேண்டாம். முக்கியமாக அந்தக் காயையும் விதையையும் பிள்ளைகள் கையில் படவிடாதீர்கள். விதை நஞ்சு. தின்ற ஆடு மாடுகள் தசை பழுதாகி விழுந்திருக்கின்றன, வட இந்தியாவில் அந்தக் காயைத் தின்ற சின்னப் பிள்ளைகள் ஈரலும் மூளையும் பாதிக்கப்பட்டு இறந்திருக்கிறார்கள்.

ஆவரசுக்கு அந்தக் காதுதான் அடையாள அட்டை. சென்னா ஆரிக்குலாட்டா என்ற விஞ்ஞானப் பெயரில் பின்பாதிக்கே ‘காதுள்ளது’ என்றுதான் அர்த்தம். சிற்றிலை எட்டு முதல் பன்னிரண்டு சோடி வரும், நுனி மழுங்கல், ஒவ்வொரு சோடிக்கும் நடுவில் காம்பில் ஒரு சின்னக் குச்சி போல சுரப்பி நிற்கும். காய் தட்டையாக, கடதாசி மாதிரி மெல்லிசாகத் தொங்கும், விதை இருக்கிற இடம் மட்டும் புடைத்துத் தெரியும். மழைக்கு வேலியோரம் முளைக்கிற தகரையும் இந்தச் சாதிதான், அதன் குருத்தைச் சுண்டிச் சாப்பிடுகிறோம். ஆகவே சொந்தக்காரனை வைத்து ஒருத்தனை நல்லவன் கெட்டவன் என்று சொல்லமுடியாது.

மணல்வளவு
ஜூலை 14, இரவு 10.52

மூன்று மாதமாக இரண்டு வேளை தண்ணீர் ஊற்றி நஞ்சு வளர்த்திருக்கிறேன். நாளைக்கே பிடுங்குகிறேன்.

படுவான் பக்கம்
ஜூலை 15, காலை 5.40

பிள்ளை, பிடுங்கும்போது காயை முதலில் வெட்டிப் பையில் போட்டு எரித்துவிட்டுப் பிறகு பிடுங்குங்கள், விதை கொட்டினால் மாரிக்கு வளவு முழுக்க அதுதான் நிற்கும்.

நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம், வாவிக்கு மேற்கே. கடலோர எழுவான்கரை ஆட்கள் செடி வைக்கிற முறை எனக்குத் தெரியும், என் மருமகள் உங்கள் பக்கத்து ஆள்தான். தண்ணீர் ஊற்றியே கொல்வார்கள். ஆவரசு தண்ணீர் இல்லாமல் செத்து நான் பார்த்ததில்லை, தண்ணீர் கூடிச் செத்துப் பார்த்திருக்கிறேன். அப்புறம் கன்று வாங்கி நடுவது. ஒரு சாண் உயரக் கன்றைத் தோண்டிப் பார்த்தால் ஆணிவேர் இரண்டு சாணுக்கும் கீழே போயிருக்கும். அதை ஒரு சின்னப் பைக்குள் வளர்த்தால் வேர் அடியில் முட்டிச் சுருண்டு கிடக்கும், பிறகு நிலத்தில் வைத்தாலும் அந்தச் சுருளை விரிக்காது. கீழே ஈரம் இருக்கிற இடத்துக்கு வேர் போகாவிட்டால் வைகாசியில் வாளி வாளியாக ஊற்றத்தானே வேண்டும்.

விதையை நிற்கவேண்டிய இடத்திலேயே போடுங்கள். புரட்டாதி கடைசி, ஐப்பசி முதல் மழை. இடையில் ஐந்து முழமாவது விடுங்கள், அது விரிந்து நிற்கிற பத்தை. எரு வேண்டாம். நான் ஒருமுறை ஆட்டுப் புழுக்கை போட்டு ஆள் உயரத்துக்கு இலையாக வளர்த்து வைத்திருந்தேன், பூ ஐந்தோ ஆறோ. ஆடி பிறக்கப்போகிறது, ஆடியில் எதையும் நடாதீர்கள், பேசாமல் மழை வரும்வரை இருங்கள்.

பொத்துவில் காத்து
ஜூலை 15, காலை 11.20

படுவான் ஐயா சொன்னதில் கன்று விஷயத்தை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் பையில் வளர்த்துத்தான் நட்டேன், பன்னிரண்டில் ஒன்பது நிற்கிறது. ஆனால் கடையில் தருகிற சின்னப் பை இல்லை, உரப்பையை நீளமாக வெட்டித் தைத்து முழங்கை நீளத்துக்கு வைத்து, நான்கு இலை வந்தவுடனேயே மழைக்குள் இறக்கிவிட்டேன். தாமதித்தால்தான் பழுதாகும்.

விதை வேண்டுமென்றால் என்னிடம் இருக்கிறது அக்கா, என் வளவில் எடுத்தது. இங்கிருந்து பாணமைப் பக்கம் போகிற வழியில் பற்றைக்காட்டில் தானாகவே நிற்கிறது, ஆடு மாடு ஒன்றும் வாய் வைப்பதில்லை, அதனால்தான் தப்பியிருக்கிறது என்று நினைக்கிறேன். சிலர் பட்டையை உரித்துக்கொண்டு போகிறார்கள். அது தோல் பதனிடுவதற்கு அந்தக் காலத்தில் எடுத்த பட்டை, இப்போது மருந்துக்கு என்று உரிக்கிறார்கள். சுற்றி உரித்தால் மரம் காலி. குமணைப் பக்கம் உள்ளே போய்ப் பூவோ காயோ பறிக்க நினைக்கவே வேண்டாம், அது வனவிலங்குக்காரரின் எல்லை.

வாழைச்சேனை வேலி
ஜூலை 15, பிற்பகல் 2.05

ஆவரசுதான் வேண்டும் என்று ஏன் நிற்கிறீர்கள்? சங்குப்பூ போடுங்கள். நீலம். வேலியில் ஏறும், இரண்டு மாதத்தில் பூக்கும், வெயிலுக்கும் சாகாது. பூவை வெந்நீரில் போட்டால் நீலம், தேசிக்காய் பிழிந்தால் ஊதா, பிள்ளைகளுக்கு அது ஒரு வித்தை. சோற்றுக்கும் நிறம் போடலாம். சுவை என்று கேட்டால் ஒன்றுமில்லை, உண்மையைச் சொல்லவேண்டும்.

செடிப்பைத்தியம்
ஜூலை 15, பிற்பகல் 4.30

சங்குப்பூ வேரில் முடிச்சு வந்து மண்ணுக்கு நைதரசன் சேர்க்கும், மணலுக்கு அது நல்லது. ஆவரசும் பயற்றங்குடும்பம் என்றாலும் வேரில் அந்த முடிச்சு வராது. ஆனால் சங்குப்பூவுக்கு ஆவணி வரை இடைக்கிடை தண்ணீர் காட்டவேண்டும். இரண்டையும் வைக்கலாமே, ஒன்று வேலிக்கு, ஒன்று நடுவளவுக்கு.

நீரிழிவுக்கு மருந்து
ஜூலை 16, இரவு 8.00

ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று முன்னோர் சும்மா சொல்லவில்லை. என் மாமா ஆறு மாதம் தொடர்ந்து குடித்து சீனி வருத்தக் குளிசையையே விட்டுவிட்டார். எல்லாரும் வீட்டில் வையுங்கள்.

அக்கரைப்பற்று நானா
ஜூலை 16, இரவு 8.11

அந்தப் பழமொழியைச் சொன்னவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டுச் சொல்லுங்கள் தம்பி.

இரவுக்கடமை
ஜூலை 17, அதிகாலை 2.20

நான் தாதி. இதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக மனம் வரவில்லை. ஆவரசு குருதியில் சீனியைக் குறைக்கிறது என்று எலிகளில் செய்த ஆய்வுகள் நிறைய உண்டு. அதனால்தான் கவனமாக இருக்கச் சொல்கிறேன். கிளினிக்கில் தந்த குளிசையையும் போட்டுக்கொண்டு இதையும் வெறும் வயிற்றில் குடித்து, சீனி இறங்கி வியர்த்துக் கொட்டி விழுந்த நிலையில் ஆட்களைக் கொண்டு வருகிறார்கள். குளிசையை நிறுத்திவிட்டு இதை மட்டும் குடித்தவர்கள் காலில் புண்ணோடு வருகிறார்கள். இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும். எப்போதாவது ஒரு கோப்பை தேநீர் போலக் குடிப்பது வேறு, மருந்தென்று குடிப்பது வேறு. குடிக்கிறவர்கள் கிளினிக்கில் வாய் திறந்து சொல்லுங்கள். இந்தச் செடிச் சாதிக்கு வயிற்றை இளக்குகிற குணம் உண்டு, கர்ப்பிணிகள் தொடவேண்டாம்.

நீரிழிவுக்கு மருந்து
ஜூலை 17, காலை 7.15

மாமா இன்னும் நன்றாகத்தான் இருக்கிறார்.

இரவுக்கடமை
ஜூலை 17, காலை 7.40

சந்தோஷம். சீனி சோதித்து எத்தனை மாதம் என்று கேளுங்கள்.

நீரிழிவுக்கு மருந்து
ஜூலை 17, இரவு 9.05

கேட்டேன். மாசியில் சோதித்ததாம். நாளைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

மணல்வளவு
2024 ஒக்டோபர் 19

பொத்துவில் தம்பி பஸ்ஸில் அனுப்பிய காய்கள் வந்து சேர்ந்தன, நன்றி. உடைத்தால் ஒரு காயில் பதினைந்து இருபது விதை. கல் மாதிரி இருக்கிறது. நாற்பது விதை போட்டு இன்றைக்குப் பதினெட்டு நாள், மூன்று மட்டும்தான் முளைத்திருக்கிறது. ஒரு குழியைக் கிளறிப் பார்த்தேன், விதை போட்டது போட்டபடி, ஊறக்கூட இல்லை. மழை பெய்துகொண்டுதானே இருக்கிறது?

செடிப்பைத்தியம்
ஒக்டோபர் 19

ஐயோ அக்கா, தோலை உரசச் சொல்ல மறந்துவிட்டோம் எல்லாரும். அந்த விதைத்தோல் தண்ணீரை உள்ளே விடாது. ஒரே மழையில் எல்லாம் முளைத்து, அடுத்த வெயிலில் எல்லாம் செத்துப்போகாமல் இருக்க அது செய்து வைத்திருக்கிற ஏற்பாடு. சும்மா போட்டால் சிலது இந்த வருடம், சிலது அடுத்த வருடம் என்று அதன் வசதிக்கு முளைக்கும்.

நகம்வெட்டி எடுங்கள். விதையின் ஒரு நுனியில் கறுப்பாகச் சின்னப் புள்ளி தெரியும், முளை வருவது அந்தப் பக்கம், அதற்கு எதிர்ப்பக்கத்தில் தோலை மட்டும் துளி வெட்டுங்கள். உள்ளே வெளிறிய நிறம் தெரிந்தால் போதும். இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு வைத்தால் விடியும்போது இரண்டு மடங்கு ஊதியிருக்கும். ஊதாததைத் திரும்பவும் வெட்டவேண்டும்.

பொத்துவில் காத்து
ஒக்டோபர் 19

நாற்பதையும் நகம்வெட்டியால் வெட்ட யாரால் முடியும். கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, விதை கிடக்கிற கோப்பையில் ஊற்றி, ஆறவிட்டு விடியும்வரை விடுங்கள். அடுப்பில் வைத்து அவிக்க வேண்டாம், அவித்தால் கறிதான்.

படுவான் பக்கம்
ஒக்டோபர் 20

நாங்கள் சீமெந்துப் படியில் போட்டுச் சிரட்டையால் நாலு தேய்ப்புத் தேய்ப்போம். அவ்வளவுதான். நகம்வெட்டியாம்.

மணல்வளவு
ஒக்டோபர் 29

மூன்றையும் செய்து பார்த்தேன், ஒவ்வொன்றிலும் இருபது விதை. நகம்வெட்டியில் பதினேழு, கொதிநீரில் பன்னிரண்டு, படியில் தேய்த்ததில் ஒன்பது. படுவான் ஐயா கோபிக்கக்கூடாது, என் கை பழக்கமில்லாத கை, சிலதை நொறுக்கிவிட்டேன். முதலில் வருகிற இரண்டு இலையும் தடித்து வட்டமாக இருக்கின்றன. அதற்குப் பிறகு வந்த சின்ன இலையின் அடியில் குனிந்து பார்த்தேன், காது! அரிசி அளவில் இரண்டு பக்கமும். வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன், ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை.

அக்கரைப்பற்று நானா
ஒக்டோபர் 29

நாங்கள் எடுக்கிறோம் தங்கச்சி. படம் போடுங்கள்.

மணல்வளவு
2024 டிசம்பர் 3

எல்லாரும் சுகமா? எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வரவில்லை, வளவின் பள்ளப்பக்கத்தில் நான்கு நாள் தண்ணீர் நின்றது. அந்தப் பக்கம் போட்ட கன்றுகள் பதினொன்றும் போய்விட்டன. தண்ணீர் வற்றியபிறகு பார்த்தால் நிமிர்ந்துதான் நின்றன, நான் பிழைத்துவிட்டன என்றே நினைத்தேன், இரண்டு நாளில் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்துவிட்டன. கிணறு வெட்டிய மண் குவிந்து கிடந்த மேட்டில் போட்டவை மட்டும் மிச்சம். அதில் ஏழு நிற்கிறது.

படுவான் பக்கம்
டிசம்பர் 4

நாங்கள் சுகம், ஆற்றுக்கு இந்தப் பக்கம் வயல்தான் போய்விட்டது. மேட்டில் போடச் சொல்லி நான் முதலே எழுதியிருக்கவேண்டும், என் பிழை. எங்கள் வளவு மேட்டுநிலம், அதனால் அந்த யோசனையே வரவில்லை. மணலாக இருந்தாலும் மாரியில் உங்கள் பக்கம் கீழேயிருந்து தண்ணீர் ஊறி மேலே வந்துவிடும். ஏழு போதும் பிள்ளை. பன்னிரண்டு பேர்ச் வளவுக்கு ஏழு ஆவரசே கூட. தை பிறந்தபிறகு வாரத்துக்கு ஒருமுறை ஒரு சிரட்டைத் தண்ணீர், மாசியோடு அதையும் நிறுத்துங்கள். வாடினாலும் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். கை சும்மா இராது என்று தெரியும், வெண்டிக்கு ஊற்றுங்கள்.

டொராண்டோ குளிர்
டிசம்பர் 4

நான் களுவாஞ்சிகுடி, இப்போது டொராண்டோ. இதைச் சாடியில் வீட்டுக்குள் வளர்க்கலாமா?

செடிப்பைத்தியம்
டிசம்பர் 4

வளரும் அண்ணா. பூக்கிற அளவுக்கு உங்கள் ஜன்னலில் வெயில் விழாது. இங்கே வரும்போது பார்த்துவிட்டுப் போங்கள்.

மணல்வளவு
2025 ஜூன் 8

பங்குனிக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. சத்தியமாக. ஐந்து நிற்கிறது (ஒன்றைப் பக்கத்து வீட்டுக் கோழி கிளறியது, ஒன்று ஏன் என்று தெரியாமல் போனது). இடுப்பளவு உயரம். கச்சான் காற்று மணலை அள்ளி அடிக்கிறது, செவ்வரத்தை மொட்டையாகிவிட்டது, இவை அடி இலையைக் கொஞ்சம் உதிர்த்துவிட்டுப் பேசாமல் நிற்கின்றன.

ஒரு பிரச்சினை. நேற்றுப் பார்த்தால் ஒரு செடியில் குருத்தெல்லாம் அரித்திருக்கிறது. பச்சைப் புழு, பக்கத்தில் ஒரு வெளிறிய கோடு, இலைக்காம்பு மாதிரியே ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. மருந்து அடிக்கட்டுமா?

செடிப்பைத்தியம்
ஜூன் 8

அடிக்கவேண்டாம் அக்கா. அந்தப் பூவைத்தானே சாப்பிடப்போகிறீர்கள். வெளிறிய பச்சை மஞ்சள் நிறத்தில் கூட்டமாகப் பறக்கிற வண்ணத்துப்பூச்சி இருக்கிறதே, அதன் புழு. இந்தச் சாதி இலையில்தான் முட்டை இடும். ஒரு செடியை அதற்கு விட்டுவிடுங்கள். மற்றதில் கையால் எடுத்து இந்தச் செடியில் போடுங்கள். தின்று முடித்துப் பறந்துவிடும், செடி திரும்பத் தளிர்க்கும்.

அக்கரைப்பற்று நானா
ஜூன் 8

புழுவுக்கும் தனி வளவு. சரி சரி, பிழையில்லை.

மணல்வளவு
2025 ஓகஸ்ட் 24

பூத்துவிட்டது! ஐந்தில் மூன்று. கிளை நுனியில் கொத்துக் கொத்தாக, பேயாவரைப் பூவைவிட எவ்வளவோ பெரியது, பொன் மஞ்சள். இத்தனைக்கும் சுற்றிவர ஒரு பச்சையும் இல்லை, கிணறு உவர், மணல் கால் சுடுகிறது.

விடிய ஆறரை மணிக்குப் பறிக்கப் போனால் கறுத்த பெரிய வண்டு ஒன்று பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ‘ஸ்ர்ர்’ என்று ஒரு சத்தம், விட்டு விட்டு, பறக்கும்போது வருகிற சத்தம் இல்லை, அதைவிடக் கூர்மை. பிறகு பார்த்தால் வயிறெல்லாம் மஞ்சள் தூள். பத்து நிமிடம் பறிக்காமல் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். என்ன செய்கிறது அது?

செடிப்பைத்தியம்
ஓகஸ்ட் 24

மரம் துளைக்கிற அந்தக் கருவண்டுதான், உண்மையில் தேனீச் சாதி. ஆவரசம்பூவில் தேன் கிடையாது அக்கா, மகரந்தம் மட்டும். அதுவும் உப்புப் போத்தல் மாதிரி மூடிய பைக்குள், நுனியில் ஒரு ஓட்டை. வண்டு பூவைப் பிடித்துக்கொண்டு இறக்கையை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவிட்டு உதிர்த்து எடுக்கிறது. கத்தரிப் பூவும் தக்காளிப் பூவும் இதே மாதிரித்தான். அதனால் ஆவரசுக்கு வருகிற வண்டு பக்கத்தில் கத்தரி இருந்தால் அதற்கும் போகும். எல்லாப் பூவையும் பறித்துவிடாதீர்கள், அதற்கும் விடுங்கள், விதைக்கும் விடுங்கள்.

படுவான் பக்கம்
ஓகஸ்ட் 25

சொன்னேனா இல்லையா.

காயவைப்பது வெயிலில் அல்ல பிள்ளை, நிழலில். சுளகில் ஒரு வெள்ளைத்துணி போட்டுப் பரவி, நாளுக்கு ஒருமுறை கிளறி, நான்கைந்து நாள். வெயிலில் போட்டால் வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வரும். கையால் நொறுக்கினால் சத்தம் கேட்கவேண்டும், அதற்குப் பிறகுதான் போத்தலில் போடவேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம். காய் பழுத்து முடிந்ததும், ஐப்பசி மழைக்கு முன்னால் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள், அடுத்த முறை கிளை கூடும்.

மணல்வளவு
ஓகஸ்ட் 31

சுளகு நிறையப் பரவினேன், காய்ந்து ஒரு தேநீர்க் கோப்பை அளவுதான் வந்தது. கடையில் ரணவரா என்று (ஆவரசின் சிங்களப் பெயர்) பைக்கற்றில் விற்கிறதோடு வைத்துப் பார்த்தால் நம்முடையது நிறம் கூட. அவித்தால் தேயிலைச் சாயத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஒரு நிறம், முதல் வாய் கொஞ்சம் துவர்ப்பு, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தால் போய்விடும்.

பச்சைப் பூவில் ஒரு பிடியைச் சுண்டலும் செய்தேன். காம்பையும் அடியிலிருக்கிற பச்சையையும் கிள்ளிவிட்டு, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய் தாளித்து, பூவைப் போட்டு இரண்டு பிரட்டு, கடைசியில் தேங்காய்ப்பூ. யாழ்ப்பாணத்து மச்சாள் வந்திருந்தார், “வறை நல்லாயிருக்கு, என்ன பூ?” என்றார். எங்கள் பக்கம் இது சுண்டல் என்று திருத்தினேன். பருப்புக்குள் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன், துவர்ப்பு அடங்கும்.

அக்கரைப்பற்று நானா
ஓகஸ்ட் 31

பாலாணத்தில் போடுங்கள். கறிக்குத் தேங்காய் முதற்பால் விட்டு இறக்கும்போது பூவைத் தூவி உடனே மூடவேண்டும். என் உம்மா முருங்கைப்பூவுக்குச் செய்கிற முறை, இதற்கும் சரிவரும். விதை வரும்போது எனக்கும் ஒரு பிடி எடுத்து வையுங்கள் தங்கச்சி, அக்கரைப்பற்று பஸ்ஸில் விட்டால் எடுத்துக்கொள்வேன்.

மணல்வளவு
ஓகஸ்ட் 31

வைக்கிறேன் நானா. நகம்வெட்டி உங்கள் பொறுப்பு.